வேடிக்கை பார்த்த முகங்கள்

அண்ணே,

பேத்தி போனில் ஒரு படம் காட்டினாள். மதுரையில் ஓவியம் படிக்கிறாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான். அமெரிக்காவில் யாரோ வரைந்ததாம். ஒரு கறுப்பு மனிதனை வெள்ளைக்காரக் கூட்டம் மரத்தில் தொங்கவிட்டிருக்கிறதாம். படத்தில் அந்த மனிதன் இல்லை, மரமும் இல்லை. கூட்டத்தின் மூஞ்சிகள் மட்டும். தொப்பி போட்டவன் சிரிக்கிறான். ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக் காட்டுகிறாள். தேசம் வேறு, தோல் வேறு. மூஞ்சி எல்லாம் நம் போடி ஜீப்பு ஸ்டாண்டில் பார்த்ததுதான்.

அப்போதெல்லாம் மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் எங்கள் தெரு ஆட்கள் பின்னால் தொங்கிக்கொண்டுதான் வர வேண்டும். அன்றைக்குக் காய்ச்சலில் நிற்க முடியாமல் முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். இழுத்துப் போட்டு மிதித்தார்கள். மிதித்தவர்கள் இரண்டு பேர். டீ கிளாஸோடு நின்று பார்த்தவர்கள் ஊர்ப்பட்ட பேர். எல்லாரும் உங்கள் சாதிசனம். நீங்கள் ஒருவர்தான் கடைக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்த ஏணியிலிருந்து குதித்து வந்து என்னைத் தூக்கினீர்கள்.

மறுவாரம் ஸ்டாண்டுச் சுவரில் அந்த மூஞ்சிகளை வரைந்தீர்கள். முதல் வரிசையில் உங்கள் தாய்மாமன், பல் குத்திக்கொண்டு. என்னைக் காணோமே என்று கேட்டேன்.

"ஒன்ன எதுக்கு மாப்ளே வரையணும்? அடிபட்டவனுக்குத் தன் மூஞ்சி தெரியும். வேடிக்கை பாத்தவனுக்குத்தான் தெரியாது."

சுண்ணாம்பு அடித்து மறைத்தார்கள். நீங்கள் வரைந்ததோ ஜீப்புக்கு அடிக்கிற எனாமல் பெயிண்டில். அதன்மேல் சுண்ணாம்பு நிற்குமா? ஒவ்வொரு மழைக்கும் மாமன் பல் குத்திக்கொண்டு வெளியே வந்தார். கடைசியில் சுவரையே இடித்தார்கள். அதற்குப் பிறகு போடியில் உங்களுக்குப் போர்டு எழுதக் கொடுக்க ஆளில்லை. போடிமெட்டில் ஜீப்புக்கு நம்பர் எழுதியே காலத்தை ஓட்டினீர்கள்.

இப்போது நீங்கள் போய்ச் சேர்ந்த வருஷ நினைவுக்கு அதே இடத்தில் பிளெக்ஸ் வைக்கப் போகிறார்களாம். நடுவில் நீங்கள். சுற்றிலும் கும்பிட்டபடி அதே மூஞ்சிகள். செத்தவர்களுக்குப் பதில் அவர்கள் பிள்ளைகள். மாமன் மகன் நேற்று வந்து என் போட்டோவையும் கேட்டான்.

"நீயும் கூட இருந்தாத்தான பெருசு, ஊரு ஒத்துமையா இருக்குன்னு தெரியும்."

நான் அவனிடம் சொன்னேன்.

"அவரு வரைஞ்ச படத்துலயே நான் இல்லப்பா. நீங்க மட்டும் நில்லுங்க. அதுதான் சரியா இருக்கும்."

அவனுக்கு விளங்கவில்லை. போய்விட்டான்.

எனக்கு எழுத்துத் தெரியாது அண்ணே. ஆனால் அந்தச் சுவர், வரிசை மாறாமல் கண்ணுக்குள் இருக்கிறது. பேத்தி எழுதிக்கொண்டே தாள் ஓரத்தில் அந்த மூஞ்சிகளை வரையத் தொடங்கியிருக்கிறாள். மாமன் எந்தக் கையால் பல் குத்தினார் என்று கேட்கிறாள்.

இடது கை. வலது கையில் டீ கிளாஸ்.