பொன்னாடை மடித்து வைத்த நாற்காலி

பஞ்சர் ஒட்டும் பசையின் வாசனை இன்னும் விரலில் இருக்கிறது. சோப்பு போட்டும் போகவில்லை. நேற்று உன் டென்னிஸ் ஆட்டச் சக்கர நாற்காலியின் இடது டியூபை ஒட்டினேன். உப்புத்தாளால் ரப்பரை உரசி, பசை தடவி, அது காயும்வரை ஊதினேன். நீ சொல்லித் தந்ததுதான். "சுக்குக்காப்பிய ஊதுற மாதிரி ஊதாதடி. வேகமா ஊது."

ஒட்டி முடித்து நாற்காலியைத் தூக்கியபோது இருக்கையின் ஓரத்திலிருந்து ஒரு துணி விழுந்தது. நான்காக மடித்த பொன்னாடை. பச்சை நிறம். ஜரிகைப் பக்கம் கறுத்திருந்தது. அடுப்பில் போட்டேன். நைலான் எரிந்த நாற்றம் வீடெங்கும் பரவியது. உன் அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டார்.

கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இருந்தேன், அக்கா. ஆறவில்லை.

சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு நமக்கு. உன் இருபதாவது வயதில் கொழுந்து ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. சிகிச்சைக்குப் போன கோயம்புத்தூரில் யாரோ உன் கையில் ஒரு டென்னிஸ் ராக்கெட்டைக் கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது அது உன் மடியில் இருந்தது. இந்த மலையில் சமதரை என்று இருப்பது ஃபாக்டரி முற்றம் மட்டும். ஞாயிற்றுக்கிழமை லாரி வராது. வலைக்குப் பதில் சாக்கு கட்டும் கயிறு. இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் இரண்டு காலில் நான்.

முதல் நாள் பந்தை உன் கைக்கு எட்டுகிற இடமாகப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். நீ ராக்கெட்டை மடியில் வைத்துவிட்டாய்.

"ஏட்டி, எனக்குப் பந்து ரெண்டு தடவ தரையில குத்தலாம். அது ரூல்ஸ்ல இருக்கு. நீ மடியில கொண்டாந்து போடணும்னு எந்த ரூல்ஸ்ல இருக்கு?"

அதன்பிறகு என்னை ஓடவிட்டாய். முற்றத்தின் இந்த மூலை, அந்த மூலை. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தபோது உன் நாற்காலியைத் தட்டிக் காட்டினாய். "மூச்சு வாங்குதா? வா, இதுல உக்காந்துக்க."

நீ திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "சக்கரத்த நிறுத்தாத. நின்ன சக்கரத்த உருட்டுறதுக்குள்ள பந்து போயிரும்."

முதல் வருடம் போன இடமெல்லாம் தோற்றாய். பெங்களூரு, சென்னை, மறுபடி பெங்களூரு. பிறகு ஒரு வருடம் தேசியப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை போய், வெள்ளிப் பதக்கத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினாய். அன்றுதான் ஊர் உன்னைக் கண்டுபிடித்தது.

பஞ்சாயத்து ஹாலில் சுவீகரணம் என்று ஒரு பாராட்டு விழா. ஹாலுக்கு ஏறப் படிக்கட்டு. நாலு பேர் உன்னை நாற்காலியோடு தூக்கினார்கள். புகைப்படம் சரியாக விழவில்லை என்று இறக்கி இன்னொரு முறை தூக்கினார்கள். நீ என்னைப் பார்த்துச் சொன்னாய்: "நாலு பேரு தூக்குறத இப்பவே பழகிக்கிறேன்."

பின்னால் ஃபிளெக்ஸில் 'தன்னம்பிக்கையின் சிகரம்' என்று எழுதியிருந்தது. மேடையில் பொன்னாடைகள். ஒன்றின்மேல் ஒன்றாக, கழுத்து தெரியாத அளவுக்கு.

ஆட்ட நாற்காலியும் அப்படித்தான் வந்தது. ஒரு கொடையாளர். முதுகுப் பட்டையில் உன் தோள் அகலத்துக்கு அவர் பெயர். ஆட்ட நாற்காலியை ஆடுகிறவரின் இடுப்பை அளந்து செய்ய வேண்டும். உன்னை யாரும் அளக்கவில்லை. வேறு யாரோ ஒரு பெரிய உடம்புக்குச் செய்தது அது. நீ திரும்பினால் நாற்காலி திரும்பும். உன் இடுப்பு ஒரு நொடி கழித்துத் திரும்பும். சரியான மெத்தையும் பக்கப் பஞ்சும் வேண்டும் என்று கேட்டாய். நாற்காலி கொடுத்தாகிவிட்டதே என்றார்கள். கேட்டுக்கொண்டே இருந்தாய். அவர்கள் உன்னை வேறொரு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே இன்னொரு பொன்னாடை.

வீட்டில் பஞ்சுக்குப் பதிலாக இருந்தது பொன்னாடைகள்தான். நான்காக மடித்து, ஜரிகையை உள்ளே தள்ளி, இடுப்புக்கு இரு பக்கமும் செருகினாய். "இதுக்காவது ஆச்சு பாரு" என்று சிரித்தாய். ஆட ஆட மடிப்பு பிரிந்தது. ஜரிகை வெளியே வந்தது. உனக்கு அங்கே உணர்ச்சி இல்லை.

குளிப்பாட்டும்போது அம்மாதான் புண்ணைப் பார்த்தார். மூணாறில் டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு இடுக்கியால் எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்ன நூல்?"

"தங்கம், டாக்டர். உள்ள இன்னும் இருக்கும், தேடிப் பாருங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்காரவே கூடாது, குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும், ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றார். அடுத்த மாதம் வெளிநாட்டுப் போட்டிக்கான தேர்வு. நீ ஆடினாய். அதற்காக உன்னைக் குறை சொன்னவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் அந்தப் பொன்னாடைகளைப் போட்டவர்கள். "சிகரத்துல ஏத்தி வச்சானுவ. ஒரு மெத்த வாங்கித் தர முடியல" என்று நீ சொன்னதை அவர்கள் கேட்டதில்லை. தேர்வில் ஜெயித்தாய். விமானம் ஏறவில்லை. புண்ணின் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது.

பிறகு உன்னைத் தூக்க நாலு பேர் வந்தார்கள். புகைப்படம் ஒரே முறையில் சரியாக விழுந்தது.

கடைசி வாரத்தில், பேச்சு குழறாத ஒரு காலையில், நாற்காலியைக் காட்டிச் சொன்னாய். "இத மறையூர் அண்ணனுக்குக் குடுத்துருங்க. அவரு இடுப்புக்குச் செஞ்ச மாதிரியே இருக்கு." அம்மாவும் கேட்டார், நானும் கேட்டேன். மறையூர் அண்ணன், கரும்பு லாரியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர். கோயம்புத்தூரில் உன்னோடு சிகிச்சையில் இருந்தவர். உன்னைப் பார்த்து ராக்கெட் பிடித்து, ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே உருண்டு ஆடிக்கொண்டிருப்பவர்.

முந்தாநாள் பஞ்சாயத்து மெம்பர் உன் வீட்டுக்கு வந்தார். பஞ்சாயத்து ஹாலில் உன் நாற்காலியைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. எம்.எல்.ஏ. வருகிறாராம்.

"பெட்டி செய்யச் சொல்லியாச்சு அக்கா. காலாகாலத்துக்கும் பேரு நிக்கும்ல" என்றார் உன் அம்மாவிடம்.

அம்மா வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டார். "ஹாலுக்கு எப்படிக் கொண்டு போவீங்க, மெம்பரே?"

"பசங்க தூக்கிருவானுங்க."

"படிக்கட்டு அப்படியேதான் இருக்கா?"

மெம்பர் என்னைப் பார்த்தார். அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்.

"பெட்டிக்குள்ள வேற ஏதாச்சும் வைங்க. பொன்னாட நெறைய இருக்கு. தரட்டுமா?"

அவர் டீயைக் குடிக்காமல் போனார்.

அதனால்தான் பஞ்சர் ஒட்டினேன். மிச்சமிருந்த உப்புத்தாளால் முதுகுப் பட்டையில் இருந்த பெயரைச் சுரண்டினேன். நல்ல பெயிண்ட். நாற்காலியில் செலவு செய்த இடம் அது ஒன்றுதான். கை எரிந்தது. நிறுத்தவில்லை.

இன்று ஞாயிறு. ஹாலில் மைக் செட் பாடத் தொடங்கும் முன்பே பஸ் ஏறினேன். மூணாறில் மாறும்போது, மறையூர் பஸ் கண்டக்டர் நாற்காலியையும் என்னையும் பார்த்தார். "பஸ்ல இருக்குற சீட்டு போதாதா சேச்சி? சொந்தமா கொண்டு வர்றீங்க." பிறகு அவரே கூரைமேல் ஏற்றிக் கட்டிக் கொடுத்தார்.

மறையூரில் வெல்லம் காய்ச்சுகிற புகை. சமுதாயக் கூடத்துக்கு முன்னால் சிமெண்ட் தளம். அண்ணன் கைகளை ஊன்றி நாற்காலிக்குள் இறங்கினார். இருக்கைக்கும் இடுப்புக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. நீ உட்கார்ந்தால் அங்கே ஒரு கையே போகும்.

"எனக்கே அளவா இருக்கே" என்றார். "அந்தப் புள்ள இதுல என்னமா ஆடுச்சு?"

நான் ராக்கெட்டை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனேன்.

"மெல்லப் போடும்மா. வண்டி புதுசு, இன்னும் பழகல."

மூலைக்கு அடித்தேன், என்னால் முடிந்த அளவு பலமாக. பந்து ஒருமுறை குத்தியது. அவர் ரிம்மைப் பிடித்து உந்துவதற்குள் இரண்டாம் முறையும் குத்தி, தாண்டிப் போய்விட்டது.

"ஏம்மா, கொல்லப் பாக்குறியா?"

"சக்கரத்த நிறுத்தாதீங்க" என்றேன்.

அடுத்த பந்தை எடுத்தேன்.