கோபுரக் கதையின் கடைசிப் பக்கம்

ஞாயிறு, 14 செப்டம்பர்

படுக்கையில் இருக்கும் அப்பாவைப் பார்க்க அண்ணன் இன்று கிள்ளானிலிருந்து மகள் கவிதாவோடு வந்தார். பினாங்கில் எனக்குக் கிடைத்திருக்கும் வேலையைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். அதற்குள் அண்ணனே, "அப்பாகூட நீ இருக்கே, எனக்குக் கவலையே இல்லம்மா" என்றார். நான் தேநீர் போடப் போய்விட்டேன்.

கவிதா அலமாரியிலிருந்து என் பழைய மங்காவை, அந்த ஜப்பானியப் படக்கதைப் புத்தகத்தை, எடுத்தாள். பதினாறு வயதில் செந்தூல் புத்தக வாடகைக் கடையில் எடுத்து, திருப்பிக் கொடுக்காமல் விட்ட சீனப் பதிப்பு. எனக்குச் சீனம் தெரியாது. படங்களை வைத்தே படித்தேன். கோபுரத்தைக் காவல் காக்கும் மந்திரக்காரப் பெண், கடைசி மூன்று கட்டங்களில் கதவைத் திறந்து வயல்வெளிக்குப் போய்விடுகிறாள். முப்பது வருடமாக எனக்கு அதுதான் முடிவு.

"ஐயோ அத்தை, மங்காவ வலது பக்கத்திலேருந்து படிக்கணும் லா!" கவிதா விழுந்து விழுந்து சிரித்தாள். "அவ எங்கயும் போகல. வயல்லேருந்து திரும்பி வந்து கதவைச் சாத்திக்கிறா."

காமிக்ஸைப் பார்த்து முடிவெடுக்கும் ஆள் இல்லை நான். ஆனாலும் பினாங்குக்கு விண்ணப்பம் போட்ட அன்று அந்தப் பக்கத்தைத்தான் நினைத்துக்கொண்டேன். நாளை மாலைக்குள் பதில் அனுப்ப வேண்டும்.

இப்போது இடப்பக்கத்திலிருந்தே மறுபடி பார்த்தேன். கோபுரம், கதவு, வயல். இப்படியும் கதை பொருந்துகிறது என்று நினைத்தேன். ஆனால் கோபுரத்தில் நிற்கும் அவள் காலில் வயல் சேறு ஒட்டியிருக்கிறது. இத்தனை வருடத்தில் அதை நான் கவனிக்கவே இல்லை.

அப்பா கூப்பிடுகிறார்.