யானைச் சீட்டு

செப். 9, செவ்வாய்

சாரல் நின்று ஒரு வாரம். வெயில் கொளுத்துகிறது. சீசன் முடிந்து லாட்ஜில் இரண்டே ரூமில் ஆள். வாங்க: பினாயில், பல்பு 4, சீட்டுக்கு பிளாஸ்டிக் உறை.

மதியம் நான் உருவாக்கிய சீட்டாட்டம். நான், ரிசப்ஷன் சுல்தான், துணி துவைக்கும் பேச்சியம்மாள். நானே வரைந்து எழுதிய 180 சீட்டு. ஆளுக்கொரு கட்டு, ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இடப்பக்கம் தள்ள வேண்டும். சுல்தான் விடுவது எனக்கு, நான் விடுவது பேச்சிக்கு. சேர்ந்ததை வைத்து மோதல். அதிர்ஷ்டம் ஜெயிக்கக் கூடாது, மூளைதான் ஜெயிக்க வேண்டும். அதற்காகவே இரண்டு வருஷம் மாரடித்தேன். சனிக்கிழமை சிவகாசி பிரஸ்ஸுக்குப் போகிறது. அச்சானபின் எதையும் மாற்ற முடியாது.

நானே ஜெயித்தேன். பத்தாவது தடவை. இந்த இரண்டு மரமண்டைகளுக்கும் எப்போதுதான் புரியுமோ! எரிச்சல்.

செப். 10, புதன்

காலையில் மோட்டார் ரிப்பேர். பிளம்பர் வரவில்லை.

யார் எதை எடுத்தார்கள் என்ற குறிப்பைப் புரட்டினேன். இருப்பதிலேயே பலமான சீட்டு யானை. சுல்தான் கைக்கு ஏழு தடவை வந்திருக்கிறது. ஏழு தடவையும் எனக்குத் தள்ளியிருக்கிறான்.

"ஏலே, யானைய ஏன்லே எடுக்கல?"

"நீங்க ஆசையா வரைஞ்சது அண்ணாச்சி. நான் எப்படி எடுக்க?"

பேச்சி பக்கெட்டைக் கீழே வைத்தாள். "தோத்தா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடுதிய. அன்னைக்குப் பூரா பெட்ஷீட்டுல கறைன்னு என்னைய ஏசுதிய. நமக்கு எதுக்கு வம்பு?"

அடப்பாவிகளா! பத்து ஆட்டக் குறிப்பும் குப்பை. சின்னப் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கிற மாதிரி எனக்கு விட்டிருக்கிறார்கள். நானும் பெரிய மூளைக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். வெட்கக்கேடு. 

செப். 11, வியாழன்

மூட்டம். மழை இல்லை.

கத்திவிட்டேன்: இன்றைக்கு மூன்று ஆட்டம், ஒருத்தரும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

"பொறவு வருத்தப்படப்பிடாது" என்றாள் பேச்சி.

முதல் இரண்டிலும் கடைசி நான். மூன்றாவதில் யானை என் கட்டிலேயே வந்தது. எடுத்தேன். மந்திச் சீட்டுகளைக் கழிவு என்று பேச்சிக்குத் தள்ளினேன். ஒரு மந்தி யானையை ஒரு சுற்று கட்டிப்போடும். ஐந்து மந்தி சேர்த்துவிட்டாள் பாவி. ஐந்து சுற்று என் யானை சும்மா நின்றது. அந்த மந்தியை எழுதியதே நான்! எனக்குத் தோன்றவில்லையே.

மூன்றும் அவளுக்கு. நான் மூன்றிலும் கடைசி.

"நல்ல ஆட்டம் அண்ணாச்சி. ஒண்ணையும் மாத்தாதிய."

சீட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தேன். யார் மேல் கோபம் என்று தெரிந்துதான் இருக்கிறது. என் மேல்தான்.

செப். 12, வெள்ளி

பிளம்பர் வந்தான்.

பார்சல் கட்டியாச்சு. ஒரு சீட்டையும் மாற்றவில்லை. ஆட்ட விதிமுறைத் தாள் மட்டும் பாக்கி. 'ஜெயிப்பது எப்படி' என்று நான் எழுதிய நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். பேச்சி மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறாள். எப்படி ஜெயித்தாள் என்று போய்க் கேட்க வேண்டும். இரண்டு தடவை படியேறி, பாதியில் இறங்கிவிட்டேன்.