எதிரணியில் என் தம்பி

ஜூலை 19
எம்மெட்டின் படுக்கையில் மறுபடியும் மீன் குடல். யாரோ கொட்டியிருக்கிறார்களாம். யாரோ என்ன யாரோ, கேரெட் கும்பல்தான். முகாமுக்கு வந்த நாளிலிருந்து என் தம்பியை இப்படித்தான் வதைக்கிறார்கள். "கோல்பி, அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லுடா, நான் வீட்டுக்கே போயிடறேன்" என்று அழுதான். பொறுத்துக்கோ என்றேன். வேறென்ன சொல்வது?

ஜூலை 21
நாளைய போட்டிகளுக்கு அணி பிரித்தாகிவிட்டது. அண்ணன் தம்பி என்றால் எதிரெதிர் அணி, இங்கே அதுதான் வழக்கம். நான் நீலம், அவன் வெள்ளை. வெள்ளைக்குத் தலைவன் கேரெட்!
"இந்தச் சனியன் நம்ம தலையிலயா விழணும்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். எம்மெட் குனிந்த தலை நிமிரவில்லை.

ஜூலை 22
வாயில் பஞ்சு வைத்திருக்கிறார்கள். பேச முடியாது, எழுதலாம்.

காலையில் கயிறு இழுக்கும் போட்டியில் வெள்ளை தோற்றது. கேரெட் எம்மெட்டின் முதுகில் படகுத் துடுப்பால் ஒன்று போட்டான். படகுப் போட்டியில் எங்கள் பயல் ஒருவன் அவர்களில் ஒருவனின் மூக்கை உடைத்தான். ரத்தம் ஏரியில் சொட்ட, இரண்டு பக்கமும் கைதட்டல்! சாயங்காலம் புள்ளிகள் சமம்.

கடைசி ஆட்டம் காட்டுக்குள். இடுப்பில் செருகிய துணியை எதிரணிக்காரன் உருவிவிட்டால் வெளியே, கடைசிவரை நிற்பவனின் அணிக்கு ஜெயம். அடி, கடி, முழங்கை எல்லாம் நடந்தது. முடிவில் நீலத்தில் நான் ஒருவன்தான் மிச்சம். வெள்ளையில் யார் என்று பார்த்தால் எம்மெட். காட்டை ஒட்டிய ஏரிக்கரையில், கவிழ்த்த படகுக்கு அடியில் ஒளிந்திருக்கிறான்.

அவனை அமுக்க எனக்கு ஒரு கை போதும். ஆனால் அவனால் வெள்ளை தோற்றால் கேரெட் அவனைச் சும்மா விடுவானா? அதனால்தான் அப்படிச் செய்தேன். கட்டிப்பிடித்து உருண்டபோது காதில் சொன்னேன், "உருவிக்கோடா, சீக்கிரம்."

உருவினான். முடிந்தது. நான் கையை விட்டுவிட்டு மல்லாந்து கிடந்தேன். எழுந்து நின்றான். சுற்றி நின்ற வெள்ளைக் கூட்டம் "போடு! போடு!" என்று கத்தியது. எம்மெட் ஷூக் காலால் என் வாயிலேயே உதைத்தான். மறுபடியும் உதைத்தான். முன்பல் இரண்டும் போச்சு. கேரெட் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான்.

துணிதான் உன் கையில இருந்துச்சே — அப்புறம் எதுக்குடா?

ஜூலை 23
எங்கள் அணிப் பயல்கள் குளியலறையில் வைத்து மொத்தினார்கள். "வேணும்னே விட்டுக் குடுத்தியாடா, துரோகி நாயே?" இல்லை என்றேன். உண்மை தெரிந்தால் எம்மெட் ஜெயித்தது ஜெயித்ததாகாது.

ஜூலை 24
எம்மெட்டின் படுக்கை இப்போது கேரெட்டின் பக்கத்தில். யாரும் அவனைத் தொடுவதில்லை. நான் ஆசைப்பட்டது இதுதான்.

ஜூலை 29
லைனஸ் என்று ஒரு வாண்டு. எம்மெட் அவன் தலையை ஏரியில் அமுக்கிக்கொண்டிருந்தான். கேரெட் கரையில் நின்று சிரித்தான். நான் ஓடிப்போய் எம்மெட்டை இழுத்தேன்.
"உன் வேலையப் பாத்துட்டுப் போடா, பொக்கைவாய்."
லைனஸ் மூச்சு வாங்கி வாங்கி வாந்தி எடுத்தான்.

ஆகஸ்ட் 3
வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம். கூட்டிப்போகக் காரில் வந்த அம்மா என் வாயைப் பார்த்துப் பதறிவிட்டாள். நான் பதில் சொல்வதற்குள் எம்மெட் முந்திக்கொண்டான். "விழுந்துட்டான்மா. அவனுக்கு ஓடவே தெரியல."
ஆமாம்மா என்றேன்.
பின் சீட்டில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். சீட் பெல்ட்டை எடுக்கக் கையை நீட்டினான். நான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன்.
அம்மா பார்க்கவில்லை. அவன் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான்.