டெஸ்ட் ஷாட்டில் நின்றவனுக்கு

இன்றைக்கு உன் இடத்தில் ஒரு பையை நிறுத்தி வைத்தேன்.

எஸ்டேட் ரோட்டு சர்ச்சில் கல்யாணம். காலை பத்து மணி ஆகியும் பனிமூட்டம் விலகவில்லை. உள்ளே நுழைந்ததும் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் "போய் நில்றா" என்று சொல்லிவிட்டேன். பூ ஜோடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, "என்னையுங்களா?" என்றார். ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு, பீடத்துக்கு முன்னால் பெண் நிற்கப்போகிற இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, ட்ரைபாட் பையைத் தூக்கி அதில் சாய்த்து வைத்தேன். திறந்திருந்த கதவு வழியாகக் காபிப் பழத்தோல் புளிக்கிற வாசனை வந்தது. ஜனவரிக் கல்யாணம் என்றாலே அந்த வாசனைதான். அந்த வாசனை வந்தால் பக்கத்தில் நீ இருந்தாக வேண்டும்.

கறுப்புப் பையை வைத்து வெளிச்சம் பார்த்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். பெண் வந்து நின்றதும் எடுத்த முதல் படங்களில் அவள் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப் போனது. நீ இருந்திருந்தால் அடுத்த கல்யாண சீசன் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லியே என்னை ஓட்டியிருப்பாய். ஓட்டுவதற்கு ஆள் இல்லாமல் அவசர அவசரமாகச் சரிசெய்துகொண்டு எடுத்து முடித்தேன்.

நாம் சேர்ந்து தொழில் செய்ய ஆரம்பித்த காலத்தில் ஐஎஸ்ஓ விஷயத்தில் நான் மகா கஞ்சன். எவ்வளவு இருட்டாக இருந்தாலும் எண்ணூறுக்கு மேல் ஏற்ற மாட்டேன். ஏற்றினால் இருட்டிலும் வெளிச்சம் கிடைக்கும், ஆனால் ராகி மாவைத் தூவினது போலப் படம் முழுக்கப் புள்ளி விழும், நாய்ஸ் என்று பார்ட்டிக்காரர்கள் திட்டுவார்கள் என்று பயம். செம்மநத்தத்துக் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? முகூர்த்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் போனது, ஃப்ளாஷ் நனைந்து செத்தது. பந்தலுக்குள் குத்துவிளக்கு வெளிச்சம் மட்டும்தான். நீ ஆறாயிரத்து நானூறுக்கு ஏற்றிவிட்டு உன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டிருந்தாய். நான் எண்ணூறிலேயே நின்று, ஷட்டர் மெதுவாக மூடும்வரை கை ஆடக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். திரும்பும் வழியில் வாழவந்தி டீக்கடையில் என் கேமராவை வாங்கிப் பார்த்தாய்.

"என்றா இது, மாப்பிள்ளைக்கு மூணு கையி இருக்குது?"

"ஏத்துனா நாய்ஸ் வருமேன்னு பாத்தன்டா."

"வருட்டுமே. நாய்ஸ் வந்தா படத்துல ஆளாச்சும் இருக்கும். ஆடிப்போச்சுன்னா ஆளே இல்ல. உனக்கு எது வேணும்?"

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு மூணு கையுங்களா, குடுத்து வெச்ச பொண்ணுங்க" என்றார். நீ சிரித்த சிரிப்பில் உன் டீ பாதி கீழே போனது. அந்த ஆல்பத்தில் தாலி கட்டுகிற படம் நீ எடுத்ததுதான் போனது. புள்ளி இருந்தது. பெண்ணின் கண்ணில் தண்ணீர் நின்றதும் தெரிந்தது. யாரும் புள்ளியைப் பற்றிக் கேட்கவில்லை.

அப்புறமும் நான் சுலபத்தில் திருந்தவில்லை. இருட்டாகவே எடுத்துவிட்டுக் கடையில் வந்து கம்ப்யூட்டரில் வெளிச்சம் ஏற்றுவேன். "கருப்பா எடுத்துப்போட்டு அப்பறம் வெளுக்க வெக்காத, அப்பத்தான் நாய்ஸ் நொம்பத் தெரியும்" என்பாய். ஒரே இடத்தை இரண்டு விதமாகவும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. அதை உன்னிடம் ஒப்புக்கொள்ளவே எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது. படத்திலிருந்து நாய்ஸை நீக்குகிற வேலை என்னுடையது, அதிலும் உனக்குத் திருப்தி கிடையாது. என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "போதும்டா, இதுக்கு மேல தேய்ச்சா மெழுகு பொம்மையாட்டம் ஆயிரும்" என்பாய். எத்தனை சண்டை. இப்போது நாற்காலிக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது. வீட்டில் பேச ஆளிருக்கிறார்கள், அவர்களிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது?

பூசை நடக்கும்போது ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது என்று பாதர் கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். அதனால் ஜனங்கள் வருவதற்கு முன்னால் ஒருவன் போய் நிற்க வேண்டும், மற்றவன் எடுத்துப் பார்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று முடிவு செய்ய வேண்டும். நீதான் நிற்பாய். "பொண்ணு ஒசரம் நீதான்டா" என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாமல் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, லென்ஸ் மூடியைப் பூச்செண்டு மாதிரிப் பிடித்துக்கொண்டு, வெட்கப்பட்டுக் காட்டுவாய். மலையில் நாம் எடுத்த எல்லாக் கல்யாணத்திலும் பெண்ணுக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவன் நீ. கன்னத்தில் புள்ளி எவ்வளவு விழுகிறது என்று பெரிதாக்கிப் பார்ப்போம், சிரிப்போம், "அழிச்சிரு, கார்டுல எடம் வேணும்" என்பாய். அழித்துவிடுவேன்.

நெஞ்சு வலிக்கிறது என்று உன்னைச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். அடிவாரத்துக் குப்பனூர் வரைக்கும்கூட நீ தாங்கவில்லை.

உன்னை அடக்கம் செய்த பிறகு ஸ்டெல்லா கடைக்கு வந்தாள். முப்பதாம் நாள் பூசைக்கு உன் படம் வேண்டுமாம். "ஊட்ல கல்யாணப் போட்டோ ஒண்ணுதானுங்ணா இருக்குது. அதுல மீசையே மொளைக்கல. இப்ப இருந்தாரே, அப்பிடி ஒண்ணு குடுங்க" என்றாள். ஊரில் இருக்கிற முகத்தையெல்லாம் எடுத்தவன் நீ, உன் மனைவியிடம் உன் இப்போதைய படம் ஒன்றுகூட இல்லை. "நாங்க ரெண்டு பேரும் சேந்தே இருந்தோமே, என்கிட்ட நெறைய இருக்கும்மா" என்று தைரியமாகச் சொல்லி அனுப்பினேன். சொன்னபோது உண்மை என்றுதான் நினைத்தேன்.

ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் தேடினேன். யார் யாரோ இருந்தார்கள், நீ இல்லை. சில படங்களில் ஓரத்தில் உன் முழங்கை இருந்தது. ஒன்றில் உன் நிழல். நான் அழிக்க மறந்துபோன டெஸ்ட் ஷாட் ஒன்றே ஒன்று கிடைத்தது. மழை நாள், கரண்ட் இல்லாத சர்ச், ஐஎஸ்ஓ பன்னிரண்டாயிரத்து எண்ணூறு. அன்றைக்குக் கைக்குட்டை வேஷம் எதுவும் இல்லை. அசதியாக நிற்கிறாய், வாய் பாதி திறந்திருக்கிறது, என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வருகிறாய். முகம் முழுக்கப் புள்ளி. ஆனால் நீதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாக்கினால் புள்ளி இன்னும் தெரியும் என்று, புதிதாக வந்திருக்கிற சாஃப்ட்வேரில் போட்டேன். அதுவே முகத்தைப் புரிந்துகொண்டு நாய்ஸை எடுத்துவிடும். எடுத்தது. புள்ளியோடு சேர்த்து உன் கன்னத்து அம்மைத் தழும்பையும் எடுத்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தையும் எடுத்தது. முன்பல் இடுக்கைத் தானே ஒரு பல் வைத்து அடைத்துவிட்டது. தோல் பளபளவென்று, கண் தெளிவாக, உன் சாயலில் யாரோ ஒரு பணக்கார உறவுக்காரன் என்னைப் பார்த்தான். எனக்குப் பயமாக இருந்தது. குறைத்து வைத்துப் பார்த்தேன். குறைத்தால் புள்ளி வந்தது, கூட்டினால் நீ போனாய்.

இரண்டையும் பிரிண்ட் போட்டு உன் வீட்டுக்கு எடுத்துப்போனேன். புள்ளி இருப்பதைத்தான் ஸ்டெல்லா எடுப்பாள் என்று எனக்கு நிச்சயம். இரண்டையும் மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதையே வெச்சுக்கறேனுங்ணா" என்று வழவழப்பான படத்தை எடுத்தாள்.

"அதுல வந்தும்மா, அவன் மொகம் கொஞ்சம்..."

"தெரியுதுங்ணா. பல்லு மாறியிருக்குது, தழும்பக் காணம். ஆனாப் பாருங்க, நல்லாத் தூங்கி எந்திரிச்ச மொகமா இருக்குது. கல்யாண சீசன்ல என்னைக்குங்ணா அவரு அப்பிடி இருந்தாரு? இங்கயாச்சும் இருக்கட்டும்."

அவள் கேட்டது நியாயம். உன்னைத் தூங்கவிடாமல் ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனவர்களில் நானும் உண்டு.

முப்பதாம் நாள் பூசையில் அந்தப் படத்துக்கு மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். "எவ்ளோ லட்சணமா இருக்காரு பாருங்க" என்று பேசிக்கொண்டார்கள். எல்லோரும் அழுதார்கள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. தெரியாத யாருடைய பூசைக்கோ வந்துவிட்டது போலக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கை என்னவோ கேமராவைத் தேடிக்கொண்டிருந்தது.

வேண்டாம் என்று ஸ்டெல்லா விட்ட படத்தைக் கடையில் மாட்டியிருக்கிறேன். ஆல்பம் பேச வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "என்னங்க, உங்க கடைப் படமே இப்பிடிப் பொரிபொரியா இருக்குது?" என்று கேட்கிறார்கள். போன வாரம் ஒரு மாப்பிள்ளைப் பையன், "ஏஐல போட்டா ஒரே நிமிஷத்துல க்ளியர் ஆயிருங்க" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தான். தலையை ஆட்டி வைத்தேன். இப்போதெல்லாம் எந்த இருட்டிலும் பயப்படாமல் ஏற்றுகிறேன். படத்தில் நாய்ஸ் வருகிறது, ஆட்களும் வருகிறார்கள். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தைரியம்தான்.

ஆனால் எடுத்த கையோடு, "சரியாத்தான் ஏத்தியிருக்கனா, பார்றா" என்று கேமராவைத் திருப்பிக் காட்ட யாரும் இல்லை. அந்த மழை நாளில் எடுத்த உன் படத்தையும் யாரிடமாவது காட்டி அப்படிக் கேட்க வேண்டும்போல இருக்கிறது. இந்த மலையில் அதைப் பார்த்துப் பதில் சொல்லத் தெரிந்தவன் ஒருவன்தான். அவனைத்தான் நான் எடுத்திருக்கிறேன்.