அடுப்பை அணைத்துவிட்டேன்

மச்சான்,

தங்கச்சி சபுராவுக்கு இடுப்புவலி கண்டுவிட்டதாம். அக்கரை நிபோங் திபாலிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். பத்து மணிப் படகில் கிளம்புகிறேன். சட்டியில் மீன் ஆணம் இருக்கிறது. சாவி பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்காவிடம். அடுப்பை அணைத்துவிட்டேன்.

காலையில், "பூட்டுன கதவு நடந்தா போயிரும்? எல்லாம் உன் மனசுலதான் புள்ளே" என்று கத்தினீர்களே, மனசில்தான் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறதே, நான் என்ன செய்ய?

பல்கீஸ்

தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தேன். அடுப்பில் தணல் இல்லை. இருந்தாலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன்.

பத்து மணிப் படகு போய்விட்டது. படகுத்துறையில் நிற்கும்போதே வீடு எரிவது கண்ணுக்குள் தெரிந்தது. ஓடி வந்தேன். "என்னாம்மா, மறுபடியுமா?" என்று செல்லம்மாக்கா சாவியை நீட்டினார். ஒரு குடம் ஊற்றினேன். உம்மா மவுத்தாகி அடக்கம் செய்தபோதும் இப்படித்தான் நான் போய்ச் சேரவில்லை. சபுரா அதை இன்னும் மறக்கவில்லை.

பன்னிரண்டு மணிப் படகும் போய்விட்டது. மண்ணடுப்பு ஊறி, கரைந்து, சரிந்து கிடக்கிறது. இனி அதில் நெருப்பே பற்றாது.

நாலு மணிக்கு ஒரு படகு இருக்கிறது. வந்தால் கத்தாதீர்கள் மச்சான், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஏற்றிவிடுங்கள். வாசலிலேயே நிற்கிறேன்.

அடுப்பை மட்டும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.