திருவிருந்துக்குப் போன இரண்டு போத்தல்கள்

யூலை 24, வியாழன்

சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. கொடியில் போட்ட சீலை முழுக்கப் புழுதி. திரும்ப அலசவேண்டும்.

உடுப்பிட்டியில் இருந்து 10.20 பஸ்ஸில் வல்வெட்டித்துறை. நந்தனின் விருந்தினர் விடுதி. நந்தன் என்னிடம் மனையியல் படித்த சுகந்தியின் தம்பி. கனடாவில் இருந்து வந்து தகப்பன் வீட்டை விடுதியாக்கியவன். கொழும்பில் யாரோ சின்ன இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாய்க் காய்ச்சுகிற பியராம். ஒரு பெட்டி இறக்கி வைத்திருக்கிறான். ஓகஸ்ட் 16 சனி, வெளிநாட்டுக்காரர் பதினாறு பேருக்கு விருந்து. ஐந்து சாப்பாடு, ஐந்து பியர், ஒன்றுக்கொன்று சேரவேண்டும். சேர்த்து வைப்பது நான். ஓய்வு பெற்ற மனையியல் ரீச்சர், வயது 61.

இன்று பார்த்தவை:
– கோதுமை பியர் (இனி கோ.பி.): மங்கல் நிறம். வாழைப்பழ வாசம், பின்னால் கராம்பு. கசப்பு இல்லை. அடியில் மண்டி, அது கெட்டதல்ல, உயிருள்ள ஈஸ்ட் என்கிறான். கணவாய்க்கா, சொதிக்கா?
– கசப்புப் பியர்: தோடம்பழத் தோல். நண்டுக் கறியோடு வைத்தேன். இரண்டும் சண்டை, உறைப்பு இரண்டு மடங்கு. வேண்டாம்.
– கறுப்புப் பியர்: கருக வறுத்த கோப்பி. நாளைக்கு.

துப்புவதற்கு ஒரு பேணி வைத்திருக்கிறேன். பாதிதான் துப்பினேன்.

வீட்டில் சொல்லியிருப்பது: விடுதிப் பெண்களுக்குச் சமையல் பழக்கப் போகிறேன். முழுப் பொய் இல்லை. பஸ்ஸில் பெருஞ்சீரகம் சப்பிக்கொண்டே வந்தேன்.

இவர் காலையில் குசினி நாட்காட்டியில் 1412 என்று எழுதினார். குடியை விட்ட நாளில் இருந்து தினமும் தேத்தண்ணி குடித்தவுடன் பென்சிலால் அன்றைய பெட்டியில் ஓர் எண். போதகர் முன்னால் நிறுத்தி இவரைச் சத்தியம் பண்ண வைத்தது நான்தான். நாட்காட்டிக்குப் பக்கத்து ஆணியில் சேர்ச் கதவைப் பூட்டித் திறக்கிற திறப்பு. போன வருடம் சபையார் இவரை நம்பிக் கொடுத்தது. ஒருகாலத்தில் காணிக்கைத் தட்டைக்கூட இவர் பக்கம் நீட்டமாட்டார்கள்.

யூலை 28, திங்கள்

மயிலிட்டியில் இருந்து நல்ல கணவாய். நந்தன் வாங்கி வந்தது. தேங்காய்ப்பால் விட்டுப் பிரட்டி, கோ.பி. யோடு வைத்தேன். அப்படியே பொருந்திவிட்டது. கராம்பு வாசம் கறித்தூளுக்குள் போய் ஒளிந்து திரும்ப வெளியில் வருகிறது. பேணிப் பக்கம் திரும்பவே இல்லை. முழுக் கிளாசும் குடித்தேன்.

"ரீச்சர், உங்கடை நாக்கை நீங்கள் உடுப்பிட்டியிலை பூட்டி வைச்சிருந்திட்டியள்" என்றான் நந்தன்.

பஸ்ஸில் சிரித்துக்கொண்டு வந்தேன். முப்பத்திரண்டு வருடம் கேக்கும் ஜாமும் படிப்பித்தேன். என் நாக்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சந்தோசப்பட்டதற்கு வெட்கம். வெட்கப்பட்டும் சந்தோசம் போகவில்லை.

வெறும் போத்தல் நாலு கொண்டுவந்தேன். தடித்த மண்ணிறக் கண்ணாடி, எறிய மனம் வரவில்லை. இவர் அச்சுவேலிக்கு மோட்டார் திருத்தப் போயிருந்த நேரம் அப்பச்சோடாத் தண்ணியில் ஊறவைத்து லேபல் உரித்தேன். பின் அலுமாரியில், சீனி ரின்னுக்குப் பின்னால்.

வாங்கவேண்டியது: உளுந்து, வெண்காயம், இவருக்குக் கால்வலி எண்ணெய், பெருஞ்சீரகம் (முடிந்துவிட்டது!).

யூலை 30, புதன்

3ஆம் திகதி திருவிருந்து ஞாயிறு. எங்கள் சேர்ச்சில் வைன் இல்லை. கொதிக்கவைத்து ஆறவிட்ட திராட்சைச் சாறுதான். அம்மாவின் காலத்தில் இருந்தே அப்படி. பதினெட்டு வருடமாக என் வேலை.

பின்னேரம் சாறு காய்ச்சினேன். நல்ல நிறம். வழமையான போத்தலில் ஒன்று விளிம்பு உடைந்திருக்கிறது, மற்றதை மாதர் சங்கத்துப் புஷ்பம் அக்கா தேனுக்கு வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. அலுமாரியில் ஒளித்த அந்த நாலில் இரண்டை எடுத்தேன். தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றிக்கொண்டு நிற்கும்போது நந்தன் போன். பாரை மீனுக்குப் புளிப்புப் பியர் சரிவருமா என்று. கால் மணி நேரம் கதைத்தேன். சாறு ஆறிப்போய் நின்றது. அவசரமாய் ஊற்றித் தக்கை அடித்தேன்.

இவர் சைக்கிள் கூடையில் துணி சுற்றி வைத்துச் சேர்ச் பின்னறைக்கு, வெஸ்ரிக்கு, கொண்டுபோனார். "புதுப் போத்தலோ? வடிவாயிருக்கு" என்றார். ஓம் என்றேன்.

1418.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

பிரசங்கம் முடிந்து போதகர் தக்கையை இழுத்தார். "டொப்" என்று சத்தம். பின் வாங்கில் பிள்ளைகள் சிரித்தார்கள். சின்னக் கிண்ணங்களில் ஊற்றும்போது நுரை. நான் நாலாம் வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புரியவில்லை என்று எழுதினால் பொய்.

இவரும் நானும் பக்கத்துப் பக்கத்தில் முழங்காலில். வாயில் வைத்ததும் தெரிந்தது. வாழைப்பழம். பின்னால் கராம்பு. கோ.பி. யின் மண்டி போத்தல் அடியில் ஒட்டியிருந்திருக்கிறது. நாலு நாள் வெக்கையில் சாறு முழுவதும் பொங்கிப் புளித்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஜாம் பாடம் எடுக்கும்போது முதல் வரி என்ன சொல்லுவேன்? போத்தலைப் பத்து நிமிடம் கொதிநீரில் விடு.

இவரைத் திரும்பிப் பார்த்தேன். வாயில் வைத்திருந்தார். கண் மூடியிருந்தது. கன்னம் அசையவில்லை. கையில் கர்த்தருடைய கிண்ணம், முன்னால் போதகர், முழங்காலில் மனிதர். விழுங்கினார்.

ஆராதனை முடிந்து வெஸ்ரியில் மூப்பர் அருளையா போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தடியில் நகமளவு லேபல் மிச்சம். இவர் பக்கம் திரும்பினார்.

"உது பியர்ப் போத்தல். சாம், நீதானே கொண்டந்தனி?"

"ஓம், நான்தான் கொண்டந்தனான்."

சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. நான் மூன்றடி தள்ளி நின்றேன். கையில் சங்கீதப் புத்தகம். வாய் திறக்கவில்லை.

வந்து பார்த்தால், காலையில் எழுதிய 1422 ஐ அழித்திருக்கிறார். ரப்பர் தூள் மேசையில்.

ஓகஸ்ட் 4, திங்கள்

பெட்டி வெறுமை. இவர் தேத்தண்ணி குடித்தார், நாட்காட்டிப் பக்கம் பார்க்கவில்லை, சாமான் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

பின்னேரம் போதகரும் மூப்பரும் வந்தார்கள். நான் குசினியில். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"சாம் அண்ணை, நான் உங்களைக் குற்றம் சொல்ல வரேல்லை. விழுந்தால் எழும்பலாம். உள்ளதைச் சொல்லுங்கோ."

"நான் குடிக்கேல்லை ஐயா."

"அப்ப போத்தல் என்னெண்டு உங்கடை வீட்டுக்கு வந்தது?" இது மூப்பர்.

அந்த இடத்தில் நான் தேத்தண்ணித் தட்டத்தோடு உள்ளே போனேன். சொல்லத்தான் போனேன். "சீனி போதுமோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

இவர் எழும்பி வந்து ஆணியில் இருந்து திறப்பை எடுத்துக் கொடுத்தார். அவர்கள் கேட்கக்கூட இல்லை. போதகர் வாங்கத் தயங்கினார். மூப்பர் தயங்கவில்லை.

நான் கோழை. வேறு நல்ல சொல் தேடினேன். இல்லை.

ஓகஸ்ட் 6, புதன்

புஷ்பம் அக்கா தேன் போத்தலைக் கழுவிக் கொண்டுவந்து தந்தார். கூடவே ஒரு தட்டு பயித்தம் பணியாரம். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பாவம் ரீச்சர் நீங்கள். திரும்பத் தொடங்கிட்டார் எண்டு கேள்விப்பட்டன். மாதர் சங்கத்திலை உங்களுக்காகச் செபம் வைச்சனாங்கள்."

நான் தலை ஆட்டினேன். பணியாரத்தையும் வாங்கி வைத்தேன். இரண்டு சாப்பிட்டேன்.

பத்தரைக்கு விடுதி. போகாமல் விட்டிருக்கலாம். போனேன். பொரித்த பாரை + புளிப்புப் பியர்: தேசிக்காய் தேவையே இல்லை. மிக நன்று. பனங்காய்ப் பணியாரம் + கறுப்புப் பியர்: இதைவிட நல்ல சோடி இல்லை. கோழை என்று எழுதிய அதே பேனையால்தான் இதையும் எழுதுகிறேன்.

நந்தன், "என்ன ரீச்சர், முகம் சரியில்லை?" என்றான். சோளகம், தலையிடி என்றேன்.

இவர் ஏழு மணிக்குத்தான் வந்தார். வழமையாக ஐந்து. படலை திறந்த சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ச் சாமான் பெட்டியை வாங்குகிற சாட்டில் கிட்டப் போய் மூச்சை மணந்து பார்த்தேன். நான்! அவரை! கிரீஸும் வியர்வையும்தான் மணத்தது. ஒருவேளை இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குத் தொடங்கிவிடுவார். ஊரே குடிகாரன் என்று முடிவுகட்டிய பிறகு ஒரு மனிதன் யாருக்காகக் குடிக்காமல் இருப்பது? அப்படி நடந்தால் அந்தக் கிண்ணத்தை ஊற்றிக் கொடுத்தது நான்.

திங்கள், செவ்வாய், புதன். மூன்று வெறும் பெட்டி.

ஓகஸ்ட் 8, வெள்ளி

காற்றுக் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. முருங்கை இலைச் சுண்டல், சோறு, சொதி. இரண்டு பேரும் சாப்பிட்டோம். இவர் கை கழுவிவிட்டு வந்து இருந்தார். சொல்லிவிட்டேன். விடுதி, பெட்டி, போத்தல், பேணி, எல்லாம். முழுக் கிளாசையும் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

"என்னெண்டு?"

"பஸ்ஸாலை வரேக்கை உம்மிலை பெருஞ்சீரகம் மணக்கும். நானும் அதைத்தான் பதினைஞ்சு வருசம் சப்பினனான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகையைத்தான் விட்டேன்.

"அப்ப ஏன் போதகரிட்டைச் சொல்லேல்லை?"

"நான் சொன்னா ஆர் நம்புவினம்? குடிகாரன் தன்ரை பிழையை மனிசியின்ரை தலையிலை போடுறான் எண்டுவினம்." சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "நீர் சொன்னா நம்புவினம். அதுதான் பாத்துக்கொண்டிருந்தனான்."

ஐந்து நாள். ஐந்து நாளும் இவர் குற்றவாளியாய் ஊருக்குள் சைக்கிள் ஓடினது என் வாயைப் பார்த்துக்கொண்டு.

"எனக்கு வாயிலை வைச்ச உடனை தெரிஞ்சுது. துப்பியிருக்கலாம். கர்த்தருடைய கிண்ணத்தை எப்பிடித் துப்புறது? அதுக்காக விழுங்கினன் எண்டு எனக்கு நானே சொல்லுறன்." குரல் இறங்கிவிட்டது. "ருசியாயும் இருந்தது."

கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

நீலச் சீலை.

அறிவித்தல்கள் முடிந்து போதகர் "வேறு ஏதும்?" என்று வழமைபோல் கேட்டார். ஒருநாளும் யாரும் எழும்புவதில்லை. எழும்பினேன். முப்பத்திரண்டு வருடம் வகுப்பு எடுத்த குரல் வரவில்லை, கோழிக் குரல்தான் வந்தது.

சொன்னது இவ்வளவுதான்: "அந்தப் போத்தல் என்ரை. அதிலை இருந்த பியரைக் குடிச்சது நான். விடுதி வேலைக்கு ருசி பாக்கப்போய்க் குடிச்சனான். சரியாக் கழுவாமல் உங்கள் எல்லாருக்கும் ஊத்தித் தந்ததும் நான். அவர் நாலு வருசமாத் தொடேல்லை. ஒரு கிழமையா வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான்தான்."

இருந்தேன். புஷ்பம் அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பணியாரத் தட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

வாசலில் போதகர் இவருடைய இரண்டு கையையும் பிடித்து மன்னிப்புக் கேட்டார். மூப்பர் அருளையா சட்டைப்பையில் இருந்து திறப்பை எடுத்து நீட்டினார். காது சிவந்திருந்தது. எனக்கு, வருகிற மாதத்தில் இருந்து சாறு காய்ச்சுகிற வேலை இல்லை. வேறு ஆள் பார்ப்பார்களாம். சரி. நியாயம்.

வீட்டுக்கு வந்தோம். இவர் திறப்பை ஆணியில் மாட்டினார். பென்சிலைத் தேடி எடுத்தார். அழித்த 1422 ஐத் திரும்ப எழுதித் தொடருவார் என்று நினைத்தேன். தெரியாமல் நடந்ததுதானே, கணக்கில் வராது என்று சொன்னேன்.

"குடிச்சது குடிச்சதுதான்" என்றார்.

திங்கள் பெட்டியில் 1. செவ்வாயில் 2. புதனில் 3, அந்த ஏழு மணிக்கு வந்த புதனில். ஒவ்வொன்றாய், அவசரம் இல்லாமல். இன்றைய பெட்டியில் 7.

அதற்குப் பிறகும் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"உமக்கும் போடவோ?"

வாற சனி விருந்து. பதினாறு பேர். கூழுக்கு இன்னும் பியர் பார்க்கவில்லை.